தோஹாவில் எழுதாத தீர்ப்பு, லோசானில் எழுதிய தீர்ப்பு

2006 டிசம்பர். தோஹா ஆசிய விளையாட்டில் பெண்கள் 800 மீட்டர் இறுதிப் போட்டி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன் 2 நிமிடம் 3.16 வினாடியில் இரண்டாவதாக வந்தார். தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்கு. கஜகஸ்தான் வீராங்கனை மயிரிழையில் மூன்றாம் இடத்துக்குப் போனார். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த பெற்றோரின் மகளுக்கு, 25 வயதில், ஆசிய வெள்ளி. அந்த மாதம் முடிவதற்குள் பதக்கம் போய்விட்டது. பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று தொலைக்காட்சிகள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

2014 ஜூலை. ஒடிசா, ஜாஜ்பூர் மாவட்டத்து நெசவாளர் குடும்பம் ஒன்றின் மகள் டூட்டி சந்த், 18 வயது, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் புறப்படச் சில நாள்களே இருக்கும்போது அணியிலிருந்து நீக்கப்பட்டார். காரணம், உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஆண்ட்ரோஜன் (ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் ஹார்மோன் வகை) வரம்புக்கு மேல் இருக்கிறது என்பது. ஓராண்டு கழித்து, அவரை நீக்கப் பயன்பட்ட விதியே நிறுத்திவைக்கப்பட்டது. அவர் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

இருவருக்கும் ஒரே நாடு, ஒரே தேசியத் தடகளச் சம்மேளனம். இருவருமே பின்தங்கிய கிராமத்திலிருந்து வந்தவர்கள். இடையில் எட்டு ஆண்டுகள்தான். ஒருவர் எல்லாவற்றையும் இழந்தார், இன்னொருவர் உலகத் தடகளச் சம்மேளனத்தையே பதில் சொல்ல வைத்தார். இந்த வித்தியாசத்துக்கு அறிவியல் காரணமில்லை என்பதே இந்த ஆய்வில் நாங்கள் சொல்ல வருவது. டூட்டியின் கையில் ஒரு கடிதம் இருந்தது. சாந்தியின் கையில் இல்லை.

சாந்தியின் உடல்நிலை பற்றி அப்போது ஊடகங்கள் எழுதிய விவரங்களை இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. அது அவருடைய மருத்துவ ரகசியம். அது வெளியே கசிந்ததே இந்த வழக்கின் முதல் குற்றம்.

சந்தேகத்தின் வயது

800 மீட்டருக்கும் பெண்களுக்கும் உள்ள பகை பழையது. ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக இந்தத் தூரம் ஓடியது 1928 ஆம்ஸ்டர்டாமில்தான். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு வென்றார். இறுதியில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பந்தயத்தை முடித்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் வந்ததோ பதினோரு பேர் ஓடினார்கள், பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் சுருண்டு விழுந்தார்கள் என்ற கதை. ஓடி முடித்ததும் மூச்சு வாங்கத் தரையில் சாய்வதை ஆண்கள் செய்தால் உழைப்பு என்றார்கள், பெண்கள் செய்தால் பலவீனம் என்றார்கள். அந்தக் கதையின் பலத்தில் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் பெண்களுக்கு மூடப்பட்டது. மீண்டும் திறந்தது 1960 ரோமில். முப்பத்திரண்டு ஆண்டுகள்.

பெண்ணால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்பது முதல் வாதம். ஓடிக் காட்டியபின் வந்தது இரண்டாவது வாதம்: இவ்வளவு வேகமாக ஓடுகிறவர் பெண்ணாக இருக்க முடியாது. 1966 புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நிறுத்திப் பார்த்தார்கள். அதே ஆண்டு கிங்ஸ்டன் காமன்வெல்த்தில் மகப்பேறு மருத்துவரை வைத்துக் கையால் பரிசோதித்தார்கள். இந்த அவமானத்துக்கு மாற்றாக 1968-ல் வந்தது கன்னத்தின் உட்புறச் செல்லைச் சுரண்டி எடுத்து குரோமோசோம் பார்க்கும் முறை. தேறியவருக்கு ஒரு சான்றிதழ். அடுத்த போட்டிக்குப் போகும்போது பாஸ்போர்ட்டோடு அதையும் எடுத்துப் போக வேண்டும்.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தினோ, 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுக்கு அந்தச் சான்றிதழை எடுத்துப் போக மறந்தார். மறுபரிசோதனையில், பொதுவாக ஆண்களிடம் காணப்படும் எக்ஸ்ஒய் குரோமோசோம் தெரிந்தது. காயம் என்று சொல்லி விலகிக்கொள்ளச் சொன்னார்கள், விலகினார். அடுத்த ஆண்டு தேசியப் போட்டியிலும் அப்படியே செய்யச் சொன்னபோது மறுத்து ஓடி வென்றார். உடனே செய்தி பத்திரிகைக்குக் கசிந்தது. உதவித்தொகை, பதிவான சாதனைகள், திருமண ஏற்பாடு எல்லாம் போயின. அவருடைய உடல் ஆண்ட்ரோஜனுக்குப் பதிலளிக்காத உடல். ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் தசைக்கு அது போய்ச் சேராது. இதை மருத்துவ ஆதாரத்தோடு நிறுவி 1988-ல் அவர் திரும்பி வந்தார். அதற்குள் ஓட்டத்தின் நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1992 ஒலிம்பிக் தகுதியை நொடியின் பத்தில் ஒரு பங்கில் தவறவிட்டார்.

1996 அட்லாண்டாவில் 3387 வீராங்கனைகளைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு முடிவு வேறாக வந்தது. விசாரித்துவிட்டு எட்டுப் பேரையுமே போட்டியிட அனுமதித்தார்கள். இத்தனை ஆண்டு சலித்தும், பெண் வேடமிட்டு வந்த ஓர் ஆணைக்கூட இந்தச் சோதனை பிடித்துத் தரவில்லை. உலகத் தடகளச் சம்மேளனம் எல்லோருக்குமான கட்டாயச் சோதனையை 1992-ல் கைவிட்டது, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-ல் கைவிட்டது. ஆனால் யாராவது சந்தேகம் கிளப்பினால் மட்டும் சோதிக்கலாம் என்ற கதவை இருவரும் திறந்தே வைத்திருந்தார்கள். தோஹாவில் சாந்தி மாட்டிக்கொண்டது அந்தக் கதவில்தான்.

தோஹாவில் விட்டுப்போன படிகள்

2006-ல் உலகச் சம்மேளனத்திடம் எழுத்தில் ஒரு கொள்கை இருந்தது. சந்தேகம் வந்தால் மகப்பேறு மருத்துவர், ஹார்மோன் நிபுணர், உளவியல் நிபுணர், உள்மருத்துவர், பாலினம் பற்றித் தெரிந்தவர் என ஒரு குழு பார்க்க வேண்டும். ஒரே ஓர் ஆய்வக முடிவை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இதைவிட முக்கியமானது அடுத்த பகுதி. எந்தெந்த உடல்நிலை உள்ளவர்களைத் தொடர்ந்து போட்டியிட விடலாம் என்று அந்தக் கொள்கையே பட்டியல் போட்டிருந்தது. ஆண்ட்ரோஜனுக்குப் பதிலளிக்காத உடல், பாலுறுப்புச் சுரப்பி முழுதாக வளராத நிலை, ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் டர்னர் நிலை ஆகியவை கூடுதல் பலம் தராதவை என்ற தலைப்பில் வந்தன. அட்ரீனல் சுரப்பி மிகையாக இயங்குவது போன்றவை கொஞ்சம் பலம் தரலாம், இருந்தாலும் ஏற்கத்தக்கவை என்ற தலைப்பில் வந்தன.

அதாவது அன்றைய விதிப்படியே, குரோமோசோம் முடிவு வேறாக வந்த மாத்திரத்தில் ஒரு பெண்ணை வெளியே அனுப்ப முடியாது. என்ன நிலை, அதனால் ஓட்டத்தில் பலன் உண்டா என்ற அடுத்த கேள்விக்குப் பதில் தேடியாக வேண்டும். சாந்தியின் விஷயத்தில் அந்தப் பதில் பொதுவெளியில் எங்கும் வைக்கப்படவில்லை. பரிசோதனை முடிவின் விவரம் தன்னிடம் தரப்படவில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதக்கம் போனது, தடை வந்தது, ஊருக்கெல்லாம் தெரிந்தது. எந்த விதியின் எந்தப் பிரிவு என்பது மட்டும் எழுத்தில் வரவில்லை.

இதனால் என்ன நஷ்டம்? விளையாட்டு வழக்குகளுக்கான உச்ச அமைப்பு சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம். அங்கே மேல்முறையீடு செய்ய ஒரு முடிவு வேண்டும். அந்தந்தச் சம்மேளனத்தின் விதி வேறு கெடு வைக்காத பட்சத்தில், முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் போக வேண்டும். முடிவே கடிதமாக வராதபோது எந்த நாளிலிருந்து எண்ணுவது, எதை எதிர்த்து வழக்குப் போடுவது? கத்தக்குறிச்சியிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழக்கறிஞரும் அன்று இல்லை.

நேரத்தையும் ஒரு தரம் பார்த்துவிடலாம். சாந்தி ஓடியது 2:03.16. அந்த நேரத்தில் இந்திய தேசிய சாதனை ஷைனி வில்சனின் 1:59.85, அது 1995-ல் சென்னையில் ஓடியது. உலக சாதனை 1:53.28, 1983 முதல் நிற்கிறது. தன் நாட்டின் பதினோரு ஆண்டு பழைய சாதனைக்கே மூன்று வினாடிக்கு மேல் பின்தங்கியவரைப் பற்றித்தான் நியாயமற்ற பலம் என்று பேசினார்கள். 800 மீட்டரில் மூன்று வினாடி என்றால் கடைசி நேர்பாதையில் கிட்டத்தட்ட இருபது மீட்டர்.

தமிழ்நாடு அரசு அவரைக் கைவிடவில்லை. அன்றைய முதல்வர் கருணாநிதி ரூ.15 லட்சம் பரிசு கொடுத்தார். சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். ஆனால் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 2012-ல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பது செய்தியானது. பெற்றோர் நின்ற அதே மண், அதே அச்சுப்பலகை. அதற்குப் பின் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு முடித்தார். 2016-ல் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். பத்து ஆண்டு. வெள்ளி திரும்பவில்லை.

மூன்று ஆண்டு தள்ளி, 2009 பெர்லின் உலகப் போட்டியில் அதே 800 மீட்டரை 1:55.45-ல் வென்றார் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா. அவரையும் சோதித்தார்கள், அவர் செய்தியையும் கசியவிட்டார்கள். ஆனால் அவர் நாட்டின் அரசும் வழக்கறிஞர்களும் பின்னால் நின்றார்கள். பதினோரு மாதம் ஓட முடியாமல் இருந்துவிட்டு 2010 ஜூலையில் திரும்பினார், பதக்கம் அவரிடமே இருந்தது. சாந்திக்காக அப்படி நிற்க வேண்டிய இடத்தில் நம் நாட்டின் விளையாட்டு நிர்வாகம் நிற்கவில்லை.

பத்து நானோமோல்

செமன்யா விவகாரத்துக்குப் பிறகு உலகச் சம்மேளனம் பேச்சை மாற்றியது. நாங்கள் பாலினம் சோதிக்கவில்லை, ஹார்மோன் அளவைத்தான் பார்க்கிறோம் என்றது. 2011 மே 1 முதல் புதிய விதி: ஒரு லிட்டர் ரத்தத்தில், ஆண்ட்ரோஜன்களில் முதன்மையான டெஸ்டோஸ்டிரோன் 10 நானோமோலுக்கு (ஹார்மோனை அளக்கும் மிக நுண்ணிய அலகு) மேல் இருந்து, உடல் அதை ஏற்கவும் செய்தால், குறைக்கும் வரை பெண்கள் பிரிவில் ஓட முடியாது. சம்மேளனம் பின்னாளில் தந்த கணக்குப்படி பெரும்பாலான பெண்களுக்கு இது 0.12 முதல் 1.79 வரை, பருவமடைந்த ஆண்களுக்கு 7.7 முதல் 29.4 வரை இருக்கும்.

குறைப்பது என்றால் மாத்திரை அல்லது அறுவை. நோயில்லாத உடலுக்கு, ஓட அனுமதி கிடைப்பதற்காக மட்டும். இந்த விதி என்ன செய்தது என்பதற்கு 2013-ல் வெளியான ஒரு பிரெஞ்சு மருத்துவக் கட்டுரை சாட்சி. வளரும் நாடுகளின் கிராமங்களிலிருந்தும் மலைப்பகுதிகளிலிருந்தும் வந்த, 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளுக்கு உடலுக்குள்ளிருந்த சுரப்பியை அகற்றினார்கள். அதோடு, ஓட்டத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத பெண்ணுறுப்புத் திசுவையும் வெட்டிக் குறைத்தார்கள். அந்த இரண்டாவது அறுவைக்கு எந்த விளையாட்டு விதியும் காரணம் காட்ட முடியாது. பெண் உடல் பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவமனைக்குள் நுழைந்ததால் நடந்தது அது.

யாரைச் சோதிப்பது என்பதும் அதே பார்வையைத்தான் நம்பியிருந்தது. 2011 விதியின் இணைப்பில் உடல் முடிக்கு மதிப்பெண் போடும் அட்டவணைகூட இருந்தது. குரல், மார்பு என்று பார்த்து, போட்டியாளரோ அதிகாரியோ விரல் நீட்டினால் சோதனை. ஆண்கள் பிரிவில் இயற்கையாகவே அதிக ஹார்மோன் உள்ளவர், அதிக உயரம் உள்ளவர், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுதலாகச் சுமப்பவர் யாரையும் யாரும் கூப்பிடவில்லை.

டூட்டியின் வழக்கு

2014 ஜூனில் தைபேயில் நடந்த ஆசிய ஜூனியர் போட்டியில் டூட்டி 200 மீட்டரிலும் 4x400 தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். திரும்பி வந்ததும் டெல்லிக்கு வரச் சொல்லி அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். அதன் உண்மையான காரணம் தனக்கு அப்போது சொல்லப்படவில்லை என்பது அவர் பின்னர் நடுவர் மன்றத்தில் வைத்த சாட்சியம். அடுத்து பெங்களூரில் ரத்தப் பரிசோதனை, குரோமோசோம் பரிசோதனை, ஸ்கேன். ஜூலையில் அணியிலிருந்து நீக்கம். செய்தி மறுபடியும் டிவிக்குப் போனது. இதுவரை சாந்தி கதையேதான்.

பிரிந்தது ஆகஸ்ட் கடைசியில். இந்தியத் தடகளச் சம்மேளனம் டூட்டிக்கு எழுத்தில் கடிதம் அனுப்பியது: உலகச் சம்மேளனத்தின் விதிப்படி நீங்கள் போட்டியிலிருந்து விலக்கப்படுகிறீர்கள். அந்தக் கடிதத்தின் வரிகள் அவருக்கு எதிரானவை. ஆனால் தேதியும், கையெழுத்தும், எந்த விதி என்பதும் அதில் இருந்தன. 2014 செப்டம்பர் 26 அன்று அவர் லோசானில் மேல்முறையீடு செய்தார். சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஆரோக்கியமாக இருக்கிறேன், என் உடலை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பது அவர் நிலை.

பின்னால் நின்றவர்கள் யார் என்பதைப் பார்த்தால் இந்த வழக்கு எப்படிச் சாத்தியமானது என்று புரியும். இந்திய விளையாட்டு ஆணையம் மேல்முறையீட்டுக்கு ஆதரவு தந்தது. ஆய்வாளர் பயோஷ்ணி மித்ரா ஆலோசகராக உடன் இருந்தார். கனடாவின் டொராண்டோ வழக்கறிஞர்கள் ஜிம் பண்டிங்கும் கார்லோஸ் சயாவோவும் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். வழக்கு நடக்கும்போது உள்நாட்டுப் போட்டிகளில் ஓட இடைக்கால வழி கிடைத்ததால் பயிற்சி அறுபடவில்லை. ஓட்டக்காரருக்கு இது சாதாரண விஷயமில்லை. ஒரு பருவம் போட்டியில்லாமல் போனால் ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து எழும் கூர்மையே போய்விடும், பத்தினோவுக்கு நடந்தது அதுதான்.

2015 மார்ச்சில் நான்கு நாள் விசாரணை. மூன்று நடுவர்கள், தலைவர் ஆஸ்திரேலிய நீதிபதி அன்னபெல் பென்னட். தீர்ப்பு 2015 ஜூலை 24 தேதியிட்டது, சுமார் 160 பக்கம். அதை டூட்டியின் முழு வெற்றி என்று பலர் நினைக்கிறார்கள். படித்தால் அப்படியில்லை. அது எப்படி முடிந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

முதலில், இந்த விதி பெண்களை மட்டும் குறிவைக்கிறது, பிறவியிலேயே அமைந்த உடல் தன்மையை வைத்துப் பிரிக்கிறது, ஆகவே இது பாகுபாடு என்று மன்றம் ஏற்றது. பாகுபாடு என்றானதும் பொறுப்பு தலைகீழாகிறது. இது தேவையானது, அளவோடு இருப்பது என்று நிரூபிக்க வேண்டியது சம்மேளனம். அடுத்து, இயற்கை டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஓட்டத் திறனுக்கும் சம்பந்தமே இல்லை என்ற டூட்டி தரப்பு வாதம். இதை நிரூபிக்கும் பொறுப்பு டூட்டியிடம் இருந்தது. இந்த வாதத்தில் அவர் தோற்றார், சம்பந்தம் இருக்கிறது என்றே மன்றம் சொன்னது.

பிறகு வந்தது முடிவைத் தீர்மானித்த கேள்வி: எவ்வளவு? ஆண், பெண் தடகளத் திறனில் பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி 10 முதல் 12 சதவீதம். இரண்டு பிரிவாகப் போட்டி நடத்துவதற்கே அதுதான் காரணம். அதிக ஹார்மோன் உள்ள பெண்ணுக்கும் மற்றப் பெண்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அளவை நெருங்குகிறது என்று காட்டினால் ஒதுக்கி வைப்பதில் நியாயம் இருக்கலாம். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்றால் அது நல்ல சாப்பாடு, நல்ல பயிற்சியாளர், நல்ல டிராக் தரும் பலனோடு சேர்ந்துவிடும். சம்மேளனத்திடம் அந்த எண் இல்லை. எனவே விதி இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைப்பு, அதற்குள் ஆதாரம் கொண்டுவராவிட்டால் ரத்து.

டூட்டி ரியோவில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் 11.32, வெள்ளி. தங்கம் 11.30, வெண்கலம் 11.33. மூவருக்கும் இடையே நொடியின் நூறில் மூன்று பங்கு. 200 மீட்டரிலும் வெள்ளி. 2023-ல் ஊக்கமருந்து வழக்கில் அவருக்கு நான்காண்டுத் தடை விழுந்தது. அது வெளியிலிருந்து உட்கொண்ட பொருள் பற்றிய வேறு வழக்கு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, அன்றைக்கே சொன்னோமே என்று பேசுகிறவர்கள் 2015 தீர்ப்பு எதைப் பற்றியது என்பதைத் தெரிந்துகொள்ளவில்லை.

எண்ணைத் தேடிப் போனவர்கள்

சம்மேளனம் தன் சார்பு ஆய்வாளர்களை வைத்து 2017-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள பெண்கள் குறைந்தவர்களைவிட 400 மீட்டரில் 2.73 சதவீதம், 800 மீட்டரில் 1.78 சதவீதம், சங்கிலிக் குண்டு எறிதலில் 4.53 சதவீதம், கோலூன்றித் தாண்டுதலில் 2.94 சதவீதம் மேலே என்றது. மன்றம் கேட்ட அளவை இதில் எதுவும் நெருங்கவில்லை. 100 மீட்டரில் எதுவுமே தெரியவில்லை. ஒரே வீராங்கனையை இரண்டு முறை எண்ணியது போன்ற தரவுப் பிழைகளைப் பிற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2021-ல் அந்த இதழே ஒரு திருத்தம் வெளியிட்டது, இந்த முடிவுகள் காரண காரியத்தை நிறுவுபவை அல்ல என்று.

அதற்குள் 2018-ல் விதி புது உருவில் வந்துவிட்டது. வரம்பு 5 நானோமோல், ஆறு மாதம் அதற்குக் கீழே வைத்திருக்க வேண்டும், 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான பந்தயங்களுக்கு மட்டும். தங்கள் ஆய்விலேயே பெரிய எண் வந்த சங்கிலிக் குண்டு எறிதலும் கோலூன்றலும் பட்டியலில் இல்லை. எண் வராத ஒரு மைல் பட்டியலில் இருந்தது. செமன்யா ஓடும் தூரங்களைச் சுற்றிக் கோடு கிழித்தது போல இருந்தது என்று விமர்சனம் வந்ததில் வியப்பில்லை. டூட்டியின் 100, 200 இரண்டும் வெளியே நின்றதால் அவர் வழக்கு அதோடு முடிந்தது.

செமன்யா எதிர்த்துப் போராடினார். 2019 மே 1 அன்று நடுவர் மன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், இது பாகுபாடுதான், ஆனாலும் தேவையானது என்றது. சுவிஸ் உச்ச நீதிமன்றம் 2020-ல் தலையிட மறுத்தது. 2025 ஜூலை 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, சுவிஸ் நீதிமன்றம் அவர் வழக்கைப் போதிய ஆழத்தில் விசாரிக்கவில்லை, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. கவனித்துப் பாருங்கள், இங்கும் கடைசியில் நின்றது நடைமுறைக் குறை.

சம்மேளனம் நிற்கவில்லை. 2023-ல் வரம்பை 2.5 ஆக இறக்கி, இரண்டு ஆண்டு காலமும் எல்லாப் பந்தயங்களும் என்று விரித்தது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு வாழ்நாளில் ஒரு முறை எஸ்ஆர்ஒய் (கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு) சோதனை கட்டாயம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்தோ ரத்தம் எடுத்தோ பார்ப்பார்கள். 1968-ல் கன்னத்தைச் சுரண்டியவர்கள் 2025-ல் மறுபடி கன்னத்துக்கே வந்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் சோதனை என்பதால் விரல் நீட்டுவது நின்றுவிடும் என்பது இதன் ஆதரவாளர்கள் சொல்லும் நன்மை. அதில் உண்மை இருக்கிறது. மறுபக்கம், இந்த மரபணு இருக்கிறதா என்பது மட்டுமே இதில் தெரியும். அது வேலை செய்கிறதா, சுரக்கும் ஹார்மோனை உடல் ஏற்கிறதா என்பது தெரியாது. ஆண்ட்ரோஜனை முழுவதுமாக ஏற்காத உடலுக்கு விதியில் விலக்கு உண்டு, ஆனால் அதை நிறுவ மேல் பரிசோதனைகள் வேண்டும். இன்னொரு சிக்கல் மிகச் சாதாரணமானது: மாதிரி எடுக்கும் அல்லது கையாளும் ஆணின் தோல் செல்லில் இரண்டு கலந்தால்கூட முடிவு தவறாக வரலாம். அதனால்தான் முதல் முடிவை யாரும் இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாவட்ட மைதானத்தில் செய்யக்கூடியது

இந்தச் சோதனையை நடத்தும் பொறுப்பு இப்போது தேசிய சம்மேளனங்களிடம் வந்திருக்கிறது. அதனால் ஊரிலிருந்து மேலே போகும் ஒவ்வொரு பெண்ணின் பயிற்சியாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த விதியின்படி என்ன பரிசோதனை என்று எழுத்தில். ஜெனரல் செக்கப் என்று வாயால் சொன்னால் போக வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையும் இதுவும் ஒன்றல்ல, ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் மற்றதற்குச் செல்லாது. சம்மதப் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அதற்கு முன்னால் பெற்றோருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். மகளின் உடலைப் பற்றிய செய்தியை அம்மா பஸ் ஸ்டாண்டு டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

மாதிரி எடுக்கும்போது துணைக்கு ஒரு பெண் உடன் இருக்கட்டும். எடுப்பவர் கையுறை புதிதாக மாற்றுகிறாரா, குப்பியில் ஒட்டிய எண்ணும் படிவத்தில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று அந்தத் துணை பார்க்க வேண்டும், எண்ணைத் தானும் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவு யார் யார் கண்ணில் படும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சம்மேளன அலுவலகத்தில் எத்தனை மேசை தாண்டுகிறதோ அத்தனை இடத்தில் கசியும், தோஹாவிலும் டெல்லியிலும் கசிந்தது போல. முடிவு வேறாக வந்தால் மறுமாதிரி கேட்கலாம், ஹார்மோன் நிபுணரிடம் தனியாக ஆலோசிக்கலாம். அன்றே அறுவைக்கோ மாத்திரைக்கோ யார் அவசரப்படுத்தினாலும் தலையாட்டக் கூடாது. அந்த வாரத்தில் பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். காலையில் வழக்கம்போல டிராக்குக்கு வரச் சொல்லுங்கள், சக வீராங்கனைகளோடு ஓட விடுங்கள். மைதானத்தில் முணுமுணுப்பு எழுந்தால் அடக்க வேண்டியது கோச்.

நீக்கம் என்று வந்தால் கடிதம் கேட்க வேண்டும். போனில் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது போதாது. லெட்டர்ஹெட், தேதி, விதியின் பிரிவு எண், கையெழுத்து, மேல்முறையீடு எங்கே எத்தனை நாளுக்குள் என்ற வரி, ஆய்வக அறிக்கையின் நகல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் குறைகிறது என்று பதில் எழுதி, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் கைக்கு வந்ததும் உறையின் மேல் அன்றைய தேதியை எழுதி வையுங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் அந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.